கல்லாவில் வரும் கணக்கு தேர்வுக் கூடத்தில் வராதா?



2006ஆம் ஆண்டு நீதிபதி ராஜிந்தர் சச்சார் குழுவின் அறிக்கை வெளியானபோது நம்முடைய மேடைகளில் அதைப் பற்றிப் பேசாதவர்கள் இல்லை. அரசுப் பணியில் எத்தனை பேர், காவல்துறையில் எத்தனை பேர் என்று எண்களை அடுக்கினோம். கைதட்டல் வாங்கினோம். அதே அறிக்கையில் இருந்த ஓர் எண்ணை மட்டும் எந்த மேடையிலும் யாரும் எடுத்துச் சொல்லிக் கேட்டதில்லை. நாட்டின் உயர்ந்த வணிக நிர்வாகக் கல்வி நிறுவனங்களான ஐ.ஐ.எம்.கள் அனைத்திலும், எல்லாப் படிப்புகளிலும் சேர்த்து அன்றைக்கு இருந்த மாணவர்கள் 4,743 பேர். அவர்களில் முஸ்லிம்கள் 63 பேர்! நூற்றுக்கு 1.3. அப்போது நாட்டின் மக்கள்தொகையில் நாம் 2001 கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு 13.4.

மருத்துவத்தில் பின்தங்கினோம், சட்டத்தில் பின்தங்கினோம் என்றால் தலைமுறை தலைமுறையாக அந்தத் துறைகள் நமக்குப் பழக்கமில்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் இது வணிகம்! வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் தோல் பதனிட்டு ஏற்றுமதி செய்த சமுதாயம், காயல்பட்டினத்திலிருந்து நவரத்தினம் கொண்டுபோய்க் கடல் கடந்து விற்ற சமுதாயம், மண்ணடியில் மொத்த வியாபாரத்தைக் கட்டி எழுப்பிய சமுதாயம், வணிகம் கற்றுத்தரும் வகுப்பறையில் நூற்றுக்கு ஒருவராக உட்கார்ந்திருக்கிறது என்றால் அதை எப்படி எடுத்துக்கொள்வது?

பாகுபாடு என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். அப்படி முடிக்க முடியாதபடி ஒரு விஷயம் குறுக்கே நிற்கிறது. இந்தப் படிப்புகளின் முதல் வாசல் ஒரு நுழைவுத் தேர்வு. அதைத் திருத்துவது கணினி. அதற்கு உன் பெயர் தெரியாது, உன் தெரு தெரியாது, உன் தாடி தெரியாது. நேர்முகத் தேர்வில் என்ன நடக்கிறது என்பது வேறு விவாதம். அதுவரை போய்ச் சேர்ந்தால்தானே அதைப் பற்றி விவாதிக்க முடியும்?

நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் அந்த முதல் வாசலுக்கே போவதில்லை. ஏன் என்று கேட்டுப் பாருங்கள். பி.காம். முடித்த தம்பியைக் கேளுங்கள், பி.பி.ஏ. முடித்த தங்கையைக் கேளுங்கள். "அதில் கணக்கு நிறைய வருமாமே" என்பார்கள். இதைச் சொல்கிற பையன், மாலை ஆறு மணிக்கு அத்தா கடையில் கல்லாவில் உட்கார்ந்து, ஒரே நேரத்தில் நான்கு வாடிக்கையாளருக்கு வாய்க்கணக்காக பில் போட்டுக்கொண்டிருப்பான்! அவனுக்குக் கணக்கு வராது என்று அவனிடம் யார் சொன்னது?

என்ன தேர்வு, என்ன கணக்கு?

மூன்று தேர்வுகளைத் தெரிந்துவைத்துக்கொண்டால் போதும். ஐ.ஐ.எம்.களுக்கும் நாட்டின் பல தனியார் நிர்வாகக் கல்லூரிகளுக்கும் 'கேட்' தேர்வு. ஆண்டுக்கு ஒரு முறை, வழக்கமாக நவம்பர் கடைசி ஞாயிறு. தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் எம்.பி.ஏ.வுக்கு அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் 'டான்செட்'. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கும், நம் நாட்டில் ஹைதராபாத்திலுள்ள ஐ.எஸ்.பி. போன்ற நிறுவனங்களுக்கும் 'ஜிமேட்'. ஜிமேட்டை ஆண்டு முழுவதும் எழுதலாம், துபாயில் வேலை பார்ப்பவர் துபாயிலேயே எழுதலாம், மதிப்பெண் ஐந்து ஆண்டுகள் செல்லும். ஆனால் கட்டணம் இருபதாயிரம் ரூபாயைத் தாண்டும். கேட் தேர்வுக்கு 2024இல் 2,500 ரூபாய்தான்.

ஜிமேட்டின் இப்போதைய வடிவம் 2023 நவம்பரில் வந்தது. கணக்குப் பகுதியில் 21 கேள்விகள், 45 நிமிடங்கள். கால்குலேட்டர் கிடையாது. முன்பு இருந்த வடிவியலையும் எடுத்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது எண் கணிதமும் எளிய இயற்கணிதமும்தான். சதவீதம், விகிதம், லாப நஷ்டம், சராசரி, கலவை, வேலையும் நேரமும். கேட் தேர்வில் 2024இல் கணக்குக்கு 22 கேள்விகள், 40 நிமிடங்கள், திரையில் ஒரு கால்குலேட்டர் இருக்கும், வடிவியலும் உண்டு, கேள்விகளும் கடுமை. ஆனால் எதிலும் கல்லூரிக் கணிதம் கிடையாது. பத்தாம் வகுப்புப் புத்தகமும், பதினொன்றாம் வகுப்பின் தொடக்கப் பாடங்களும் தெரிந்தவனுக்குப் புதிதாக ஒன்றுமில்லை. அவர்கள் சோதிப்பது நீ எவ்வளவு கணிதம் படித்தாய் என்பதை அல்ல. இரண்டே நிமிடத்தில் ஒரு கேள்வியைப் படித்து, தேவையற்றதைத் தள்ளி, சரியான முடிவுக்கு வருகிறாயா என்பதைத்தான். நம் பெரியவர்கள் கடை வாசலில் நின்று வாழ்நாள் முழுக்கச் செய்தது அதைத்தானே!

சொல்வதைக் கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

ஒரு ஜவுளிக் கடைக்காரர் அடக்க விலையின் மேல் 40 சதவீதம் ஏற்றி விலைச் சீட்டு ஒட்டுகிறார். பெருநாள் விற்பனையில் 25 சதவீதம் தள்ளுபடி கொடுக்கிறார். லாபம் எவ்வளவு? கல்லூரி மாணவர்களில் பலர் 15 என்று சொல்லிவிடுவார்கள். நாற்பதில் இருபத்தைந்து போனால் பதினைந்து! ஜவுளி வியாபாரி சிரிப்பார். 100 ரூபாய்ச் சரக்கு, சீட்டில் 140. அதில் கால் பங்கு 35. மிச்சம் 105. லாபம் ஐந்தே சதவீதம். ஏற்றியது அடக்க விலையின் மேல், தள்ளியது சீட்டு விலையின் மேல். 'எதன் மேல் சதவீதம்?' என்ற இந்த ஒரு கேள்வியைக் கேட்கத் தெரிந்தவன் சதவீதக் கணக்கில் வைக்கப்படும் கண்ணிகளில் பெரும்பாலானவற்றைத் தாண்டிவிடுவான். தேர்வில் இதையே திருப்பிப் போட்டுக் கேட்பார்கள். 25 சதவீதம் தள்ளுபடி கொடுத்த பிறகும் 20 சதவீதம் லாபம் நிற்க வேண்டும், எவ்வளவு ஏற்ற வேண்டும்? 120 ரூபாய் என்பது சீட்டு விலையில் முக்கால் பங்கு. அப்படியானால் சீட்டு விலை 160. ஏற்றம் 60 சதவீதம். பேனாவே வேண்டாம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இரண்டு கணக்கிலும் அடக்க விலையை நாம் 100 என்று வைத்துக்கொண்டோம். கேள்வியில் எந்தத் தொகையும் இல்லை. தொகை கொடுக்கப்படாத சதவீதக் கணக்கில் 'எக்ஸ்' என்று வைத்துச் சமன்பாடு எழுதத் தொடங்கினால் நேரம் போய்விடும். 100 என்று வைத்துக்கொள். பின்னத்தில் கேட்டால் அந்தப் பின்னங்களின் கீழ் எண்கள் எல்லாம் வகுக்கும் ஓர் எண்ணாக வைத்துக்கொள்.

பின்னம் என்றதும் நினைவுக்கு வருகிறது. நம் பாட்டனார் காலத்தில் கால், அரை, முக்கால் மட்டுமல்ல, அரைக்கால், மாகாணி என்று வாய்பாடே மனப்பாடமாக இருக்கும். அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று, அதாவது பன்னிரண்டரை சதவீதம். மாகாணி பதினாறில் ஒன்று, ஆறேகால் சதவீதம். கால்குலேட்டர் இல்லாத தேர்வில் இந்த வாய்பாடு தங்கம்! 37.5 சதவீதம் என்று கேள்வியில் கண்டால் மூன்று அரைக்கால், எட்டில் மூன்று என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஜகாத்துக்கு இரண்டரை சதவீதம் என்றால் நாற்பதில் ஒன்று என்று நம் வீட்டுப் பெண்களும் சொல்வார்கள். ஏழில் ஒன்று, ஒன்பதில் ஒன்று, பதினொன்றில் ஒன்று ஆகியவற்றுக்கும் இதேபோல் சதவீதம் மனதில் நிற்கட்டும்.

தேயிலைத் தூள் வியாபாரிகள் அன்றாடம் செய்வது கலவைக் கணக்கு. கிலோ 240 ரூபாய்த் தூளையும் 320 ரூபாய்த் தூளையும் கலந்து 270 ரூபாய் அடக்கத்தில் ஒரு கலவை வேண்டும். எந்த விகிதத்தில் கலப்பது? 270க்கும் 240க்கும் இடைவெளி 30. 320க்கும் 270க்கும் இடைவெளி 50. இடைவெளிகளைக் குறுக்கே மாற்றிப் போடு: மலிவான தூள் 5 பங்கு, விலை கூடியது 3 பங்கு. சரிபார்த்துக்கொள்: ஐந்து கிலோ 1,200, மூன்று கிலோ 960, எட்டுக் கிலோவுக்கு 2,160, கிலோ 270. இதே முறைதான் இரண்டு வகுப்பின் சராசரி மதிப்பெண்ணைச் சேர்த்துக் கேட்டாலும், இரண்டு சரக்கின் லாப சதவீதத்தைச் சேர்த்துக் கேட்டாலும். ஆடைதான் வேறு, ஆள் ஒன்று.

நுழைவுத் தேர்வுப் புத்தகங்களில் தவறாமல் வரும் இன்னொரு கணக்கு உண்டு. ஒரு நேர்மையற்ற வியாபாரி அடக்க விலைக்கே விற்பதாகச் சொல்கிறார், ஆனால் கிலோவுக்கு 900 கிராம்தான் நிறுக்கிறார், அவர் லாபம் என்ன? பத்து சதவீதம் என்பது தவறான விடை. 900 கிராமுக்குப் பணம் போட்டு 1,000 கிராமுக்குப் பணம் வாங்குகிறார். 900க்கு 100. ஒன்பதில் ஒன்று, 11.11 சதவீதம். அளவையில் மோசடி செய்வோரைக் கண்டிக்கவே 83ஆவது அத்தியாயம் இறங்கிய வேதத்தை உடைய நாம், இந்தக் கணக்கைப் பார்த்து முகம் சுளிப்பது இயல்பு. சுளித்துக்கொண்டே போடுங்கள்! திருடன் எவ்வளவு அடித்தான் என்று கண்டுபிடிப்பது திருட்டாகாது. வட்டிக் கணக்கும் அப்படித்தான். கூட்டு வட்டிப் பாடத்தையே ஒதுக்கிவைக்கும் பிள்ளைகள் நம்மிடையே உண்டு. வட்டி வாங்குவது வேறு, எவ்வளவு வட்டி என்று கண்டுபிடிக்கத் தெரிவது வேறு. தெரியாதவன்தான் நிதிக் கம்பெனியின் தாளில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறான். மேலும் அந்தக் கணக்கின் உடம்பு வட்டிக்கு மட்டும் சொந்தமில்லை. எட்டு லட்சம் ரூபாய் வேன் ஆண்டுக்கு 10 சதவீதம் மதிப்புக் குறைந்தால் இரண்டு ஆண்டு கழித்து 6 லட்சத்து 48 ஆயிரம். மக்கள்தொகை வளர்ச்சியும் அதே வழிதான்.

பாகப்பிரிவினையில் ஒரு பாடம்

இயற்கணிதத்துக்கு 'அல்ஜீப்ரா' என்ற பெயர் வந்ததே ஒன்பதாம் நூற்றாண்டு பாக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மியின் நூல் தலைப்பிலிருந்துதான் என்று நம் பேச்சாளர்கள் முழங்குவார்கள். உண்மைதான். ஆனால் அந்த நூலில் பெரும்பகுதி எதைப் பற்றியது என்பதை யாரும் சொல்வதில்லை. வாரிசுகளுக்குச் சொத்துப் பிரிக்கும் கணக்குகள் அவை! வானத்தில் மிதக்கும் கலையாக அல்ல, வீட்டில் வரும் வழக்கைத் தீர்க்கும் கருவியாகத்தான் அவர் அதை எழுதினார்.

நாமும் ஒரு சொத்தைப் பிரித்துப் பார்ப்போம். ஒருவர் இறந்துவிட்டார். மனைவி, இரண்டு மகன்கள், மூன்று மகள்கள். மனைவிக்கு எட்டில் ஒன்று. மிச்சத்தில் மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு. ஒரு மகளுக்கு மூன்றரை லட்சம் கிடைத்தது என்றால் மொத்தச் சொத்து எவ்வளவு? விடைகளாக 16, 20, 24, 28, 32 லட்சம் என்று ஐந்து கொடுத்திருக்கிறார்கள்.

பள்ளிக்கூட வழியில் சமன்பாடு எழுதலாம். தேர்வு வழி ஒன்று உண்டு: நடுவில் இருக்கும் விடையை எடுத்துப் போட்டுப் பார். 24 லட்சம் என்றால் மனைவிக்கு 3, மிச்சம் 21. மகன்கள் இருவருக்கு நான்கு பங்கு, மகள்கள் மூவருக்கு மூன்று பங்கு, ஆக ஏழு. ஒரு பங்கு 3 லட்சம். நமக்கு வேண்டியது மூன்றரை. ஆகவே 24க்குக் கீழே உள்ளவை எல்லாம் ஒரே அடியில் ஒழிந்தன. அடுத்து 28ஐப் போடு: மனைவிக்கு மூன்றரை, மிச்சம் இருபத்து நாலரை, ஏழால் வகுத்தால் மூன்றரை. முடிந்தது.

மூன்றாவது வழி, ஊரில் பாகம் பிரித்துக் கொடுக்கும் ஆலிமின் வழி. அவர் முதலில் ரூபாயைத் தொடவே மாட்டார். சொத்தை எட்டாக வைப்பார். மனைவிக்கு ஒன்று, மீதி ஏழு, அது பிள்ளைகளின் ஏழு பங்குக்குச் சரியாகப் பொருந்துகிறது. மகளுக்கு எட்டில் ஒன்று. மூன்றரை பெருக்கல் எட்டு, 28. பத்து விநாடி! இந்த அறிவை ஓதிக் கொடுக்கும் இடத்தில் வைத்துவிட்டு, இதே கணக்கு ஆங்கிலத்தில் எழுதி வந்தால் நாம் ஓடி ஒளிகிறோம்.

ஆங்கிலம் என்றேன் அல்லவா, உண்மையான தடை அங்கேதான் இருக்கிறது. தமிழ் வழியில் படித்துவிட்டு வந்த தம்பி கணக்கில் தோற்பதில்லை, கேள்வியின் வாசகத்தில் தோற்கிறான். விலை 'பை 20 பெர்சன்ட்' கூடியது என்றால் 100 ரூபாய் 120 ஆனது. 'டு 120 பெர்சன்ட்' கூடியது என்றாலும் அதே 120தான். 'பை 120 பெர்சன்ட்' என்றால் 220! இரண்டெழுத்துச் சொல் நூறு ரூபாயைத் தூக்கிக்கொண்டு போகிறது. 'அட் லீஸ்ட்' என்றால் அந்த எண்ணும் சேரும், 'மோர் தேன்' என்றால் சேராது. 'இன்டிஜர்' என்று போட்டிருந்தால் முழு எண், பூச்சியமும் எதிர்மறை எண்களும் அதில் அடங்கும். நாம் ஒன்று, இரண்டு, மூன்று என்று மட்டும் நினைத்துக்கொண்டு மாட்டுவோம். இப்படிப்பட்ட சொற்கள் ஐம்பது, அறுபதுக்கு மேல் இருக்காது. ஒரு நோட்டில் எழுதிவைத்துப் படித்தால் ஒரு மாதத்தில் கைவசமாகும்.

தகவல் போதுமா?

ஜிமேட்டில் 'டேட்டா சஃபிஷியன்சி' என்று ஒரு வகைக் கேள்வி உண்டு. இப்போது அது கணக்குப் பகுதியில் அல்ல, 'டேட்டா இன்சைட்ஸ்' என்ற பகுதியில் வருகிறது. என் கருத்தில், வணிகரின் மூளை இருக்கும் இடம் இதுதான். விடையைக் கண்டுபிடிக்கச் சொல்ல மாட்டார்கள். கொடுத்திருக்கும் தகவல் விடை காணப் போதுமா என்று மட்டும் கேட்பார்கள்.

பாருங்கள். சென்ற மாதம் லாபத்தில் ஓடிய ஒரு கடை. இந்த மாத லாபம் சென்ற மாதத்தைவிட அதிகமா? தகவல் ஒன்று: விற்பனை 20 சதவீதம் கூடியது. தகவல் இரண்டு: சரக்குக் கொள்முதல் உட்பட மொத்தச் செலவு 10 சதவீதம் கூடியது. முதல் தகவல் மட்டும் போதாது, செலவு எகிறியிருக்கலாம். இரண்டாவது மட்டும் போதாது, விற்பனை தெரியாது. இரண்டும் சேர்ந்தால்? ஒரு ரூபாய்கூடத் தெரியாதே என்று பலர் 'போதாது' என்று குறித்துவிடுவார்கள். நிதானியுங்கள். கடை லாபத்தில் ஓடியது என்றால் விற்பனை செலவைவிடப் பெரியது. பெரியது 20 சதவீதம் வளர்ந்தது, சிறியது 10 சதவீதம் வளர்ந்தது. இடைவெளி கூடித்தான் ஆக வேண்டும். போதும்! ஆனால் 'லாபத்தில் ஓடிய' என்ற ஒரு சொல் கேள்வியில் இல்லாமல் போனால் கதை மாறிவிடும். செலவு விற்பனையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இருந்த, நஷ்டத்தில் மூழ்கிய கடையாக இருந்தால் நஷ்டம் இன்னும் பெருகும். அப்போது விடை 'போதாது'.

மண்டியில் விலை பேசும்போது நம் வணிகர்கள் எல்லா விவரமும் கிடைக்கும்வரை காத்திருப்பார்களா? இவ்வளவு தெரிந்தால் போதும், வாங்கலாம் என்று ஒரு கட்டத்தில் முடிவெடுக்கிறார்கள். எது தெரியாமல் வாங்கக்கூடாது என்பதும் அவர்களுக்குத் தெரியும். இதை அமெரிக்காவில் தேர்வாக வைத்து, உலகெங்குமிருந்து கட்டணம் வாங்குகிறார்கள்.

கைவிடத் தெரிவதும் இதே குணம்தான். 21 கேள்விக்கு 45 நிமிடம் என்றால் ஒன்றுக்கு இரண்டு நிமிடம் சொச்சம். நான்கு நிமிடமாக ஒரே கணக்கைப் பிடித்துத் தொங்குகிறவன், வராக் கடனுக்காக நல்ல சரக்கையும் அதே ஆளிடம் அனுப்பிக்கொண்டிருக்கும் வியாபாரியைப் போன்றவன். குத்துமதிப்பாக ஒன்றைக் குறித்துவிட்டுப் போ. ஜிமேட்டில் ஒரு பகுதி முடிவதற்குள் நேரம் மிச்சமிருந்தால் திரும்பி வந்து மூன்று விடைகள்வரை மாற்றிக்கொள்ள விடுகிறார்கள். எழுதாமல் விட்ட கேள்விக்கு அபராதம் உண்டு. கேட் தேர்வில் இது தலைகீழ். விடைகள் கொடுத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேள்விக்குச் சரியென்றால் மூன்று, தவறென்றால் ஒன்று குறையும். நாமே எண்ணைத் தட்டச்சு செய்யும் கேள்விக்குக் குறைப்பு இல்லை. அங்கே தெரியாததை விட்டுவிடுவதும் ஒரு விடைதான்.

பயிற்சி நிலையங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு, குறுக்கு வழி, சூத்திரம் என்று தலையணை மொத்தத்தில் புத்தகம் கொடுக்கிறார்கள். அவர்கள் எல்லோரும் ஏமாற்றுகிறார்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஜிமேட் நடத்துபவர்களே இரண்டு முழு மாதிரித் தேர்வுகளை இலவசமாகத் தருகிறார்கள். கேட் தேர்வின் பழைய வினாத்தாள்களும் காசில்லாமல் கிடைக்கின்றன. இவற்றை முடிக்காமல் பணம் கட்ட ஓடாதே. கடையில் கடன் நோட்டு வைத்திருப்பதுபோல், தப்பாகப் போட்ட கணக்குகளுக்கு ஒரு நோட்டு வை. ஏன் தப்பியது என்று ஒரு வரி எழுது. கடன் நோட்டைப் புரட்டாமல் எந்தக் கடைக்காரனுக்காவது தூக்கம் வருமா?

இனி, பெற்றோராகிய வணிகர்களிடம் பேச வேண்டும்.

1951ஆம் ஆண்டு திருச்சியில் ஜமால் முஹம்மது கல்லூரி எழுந்தது வணிகர்களின் கொடையால். சென்னையில் புதுக்கல்லூரியும் அதே ஆண்டுதான். படிக்காத, அல்லது கொஞ்சமே படித்த வியாபாரிகள், தங்கள் பேரப்பிள்ளைகள் படிப்பதற்காகக் கட்டியவை அவை. 2011இல் அதே திருச்சிக்கு ஐ.ஐ.எம். வந்தது. அந்தக் கல்லூரியிலிருந்து இந்த நிறுவனத்துக்கு நகரப் பேருந்தில் போய்விடலாம். ஆனால் நம் பிள்ளைகள் அந்தச் சில மைலைக் கடப்பதற்குள், பட்டம் வாங்கிய மறுவாரம் துபாய் விசாவுக்குப் பாஸ்போர்ட் நகல் போய்விடுகிறது. வளைகுடாவுக்குப் போவதைக் குறை சொல்லவில்லை. எத்தனை குடும்பங்களின் அடுப்பு அதனால் எரிகிறது என்பது தெரியும். போவதற்கு முன் ஓர் ஆண்டு, நாளுக்கு இரண்டு மணி நேரம், கடைக்குக் கூப்பிடாமல் விட்டுப்பாருங்கள் என்றுதான் கேட்கிறேன். அந்த இரண்டு மணி நேரத்தில்தான் "தம்பி, பேங்குக்குப் போய்ட்டு வா" என்று அழைப்பு வரும். எல்லாக் கடையிலும் இது நடக்கிறது. மகளுக்கோ அந்த இரண்டு மணி நேரத்தில்தான் பெண் பார்க்க வருவார்கள்! படிப்பில் நம் பெண் பிள்ளைகள் பையன்களை முந்திக்கொண்டிருக்கும் காலத்தில், விண்ணப்பம் போடக்கூட அவர்களை விடாதது அநியாயம்.

2012 செப்டம்பரில் பல பொருள் சில்லறை வணிகத்தில் 51 சதவீதம் அந்நிய முதலீட்டுக்கு மத்திய அரசு அனுமதி கொடுத்தபோது கடைகளை அடைத்துப் போராடினோம். நியாயமான போராட்டம். ஆனால் உங்கள் கடைத் தெருவில் இன்றைக்கு உங்கள் வாடிக்கையாளரை இழுத்துக்கொண்டிருப்பது அந்நியன் மட்டுமல்ல. கைபேசியில் பொத்தானை அழுத்தினால் பத்து நிமிடத்தில் பருப்பும் எண்ணெயும் வீட்டு வாசலுக்கு வருகின்றன. எந்தப் பொருளை நஷ்டத்துக்கு விற்று எந்தப் பொருளில் அதை எடுப்பது, எந்தத் தெருவில் கிடங்கு வைத்தால் எத்தனை வீட்டுக்கு எட்டும் என்று கணக்குப் போடுபவர்களில் இந்த நுழைவுத் தேர்வுகளை எழுதிப் படித்து வந்தவர்கள் நிறைய உண்டு. அவர்கள் போடுவது நான் மேலே போட்டுக் காட்டிய அதே சதவீதமும் அதே கலவையும்தான். எதிரே உட்கார்ந்து அந்தக் கணக்கைப் படித்துச் சொல்ல உங்கள் பக்கம் ஒருவர் வேண்டாமா?

ஜமாஅத்துகள் ஆண்டுதோறும் நோட்டுப் புத்தகம் வழங்குகின்றன, நல்லது. பள்ளிவாசல் வளாகத்தில் இஷாவுக்குப் பிறகு பூட்டிக்கிடக்கும் ஓர் அறையைத் திறந்துவிட்டு, நான்கு நாற்காலியும் ஒரு கடிகாரமும் போட்டால், பத்துப் பிள்ளைகள் சேர்ந்து நேரம் வைத்துப் பழகலாம். அதற்கு மின்சாரக் கட்டணம் தவிர வேறு செலவில்லை.

இன்னொரு முக்கியமான விஷயம், பலர் கோட்டைவிடுவது. ஐ.ஐ.எம். உள்ளிட்ட மத்திய கல்வி நிறுவனங்களில் இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 27 சதவீத இடஒதுக்கீடு 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி வந்து, 2008இல் உச்ச நீதிமன்றத்தாலும் ஏற்கப்பட்டது. தமிழ்நாட்டின் ராவுத்தர், மரைக்காயர் உள்ளிட்ட லெப்பைகள் மத்தியப் பட்டியலில் இருக்கிறார்கள். ஆனால் நம் கையில் இருக்கும் மாநில அரசின் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் சான்றிதழ் அங்கே செல்லாது. மத்திய அரசின் படிவத்தில், வசதி படைத்த பிரிவில் வராதவர் என்று தனிச் சான்றிதழ் வாங்க வேண்டும். வணிகக் குடும்பத்துக்கு வருமான வரம்பு ஆண்டுக்கு 8 லட்சம்; தொடர்ந்து மூன்று ஆண்டுகள் அதைத் தாண்டினால்தான் தகுதி போகும். கடையின் மொத்த விற்பனையை வருமானம் என்று நினைத்துக்கொண்டு விண்ணப்பிக்காமலே இருந்துவிட்டவர்கள் உண்டு. கேட் அறிவிப்பு வழக்கமாக ஜூலை கடைசியில் வரும். அதற்குள் இந்தத் தாள் கையில் இருக்கட்டும்.

கடைசியாக ஒரு கணக்கு. இந்த ஞாயிறு மதியம் அத்தாவும் மகனும் எதிரெதிரே உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். ஒருவர் ஒரே விலையில் 200 சட்டைகள் வாங்கி, 50 சதவீதம் ஏற்றி விலைச் சீட்டு ஒட்டினார். அவற்றில் 60 சதவீதச் சட்டைகள் சீட்டு விலைக்கே போயின. மிச்சத்தைப் பெருநாள் முடிந்த வாரம் 40 சதவீதத் தள்ளுபடியில் தள்ளிவிட்டார். மொத்தத்தில் லாபம் எத்தனை சதவீதம்? 26 வர வேண்டும். 34 வந்தால், ஐம்பதில் நாற்பதைக் கழித்துவிட்டீர்கள்.